தேவாலயத்தில் புயல் முகாம்: தன்னார்வலர்களைப் பழக்குவது எப்படி

அக்டோபர் பிறந்துவிட்டால் தூத்துக்குடி முதல் கடலூர் வரை கடலோரக் கிறிஸ்தவப் பங்குகளில் ஒரு பேச்சு கிளம்பும்: "இந்த வருஷம் தண்ணி ஏறினா சனங்களை எங்க கொண்டுபோய் வைக்கிறது?" பதில் எல்லோருக்கும் தெரியும். கோயில் மண்டபம், அதாவது தேவாலயத்தின் மண்டபம், இல்லாவிட்டால் பங்குப் பள்ளி. 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோதும் சரி, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தாமிரபரணிக் கரை ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தபோதும் சரி, மக்கள் ஓடி ஏறியது மேடான இடத்தில் இருந்த பள்ளிகளிலும் திருமண மண்டபங்களிலும் வழிபாட்டு இடங்களிலும்தான். செய்துங்கநல்லூரில் பள்ளிவாசல் ஒன்று இந்துக் குடும்பங்களைத் தங்கவைத்துச் சோறு போட்டது அப்போது செய்தியானது.

கதவைத் திறந்துவிடுவது எளிது. திறந்த பிறகு என்ன செய்வது என்பதற்குத்தான் பழக்கம் வேண்டும். பங்குக் கூட்டத்தில் "முகாமில் வேலை செய்ய யார் வருகிறீர்கள்?" என்று கேட்டால் சமையலுக்கு இருபது கை எழும். இரவுக் காவலுக்கு இரண்டு கை எழும், கழிவறைக்கு ஒன்றுகூட எழாது. பயிற்சியின் பாரம் முழுக்க அந்த இரண்டு வேலைகள் மேலும் வாசல் மேசை மேலும் விழ வேண்டும் என்பது என் கருத்து. சோறு எப்படியும் வந்துவிடும்.

முதலில் கட்டடம், அப்புறம் ஆட்கள்

ஜூலை, ஆகஸ்டில் தொடங்குங்கள். மழை வந்த பிறகு பயிற்சி நடத்த முடியாது.

பல ஊர்களில் பழைய கோயில்தான் இருப்பதிலேயே பெரிய கட்டடம். அதனால் அதுதான் பாதுகாப்பானது என்று நினைத்துக்கொள்கிறோம். ஓட்டுக் கூரை, உயரமான மரச்சட்டம், வண்ணக் கண்ணாடி ஜன்னல், மணிக்கூண்டு இவை நான்கும் சேர்ந்த கட்டடத்தில் புயல் இரவில் யாரையும் படுக்க வைக்கக் கூடாது. வெள்ளத்துக்கு அது சரி, காற்றுக்கு ஆகாது. ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கொட்டகைகளும் அப்படியே. காற்றுக்கு ஏற்றது கான்கிரீட் தளம் போட்ட பள்ளிக் கட்டடம்தான், அதிலும் மரங்கள் சாய்ந்து விழாத பக்கத்து அறைகள். பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவரை அழைத்து வந்து காட்டி, எது எதற்குத் தாங்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கோயில் கடற்கரை மணலிலேயே நிற்கிறதா? அப்படியானால் கடல் உள்ளே புகும் அபாயம் சொல்லப்படும் புயலுக்கு அது முகாமே கிடையாது. அந்தப் பங்கின் தன்னார்வலர்கள் கற்க வேண்டியது முகாம் நடத்துவது இல்லை. உள்நாட்டில் இருக்கும் பல்நோக்குப் பாதுகாப்பு மையத்துக்குத் தம் மக்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ப்பது. இதைச் சொன்னால் சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். "மாதா காப்பாத்துவா" என்பார்கள். 2004 டிசம்பர் 26 அன்று வேளாங்கண்ணிக் கடற்கரையில் என்ன நடந்தது என்பதை அவர்களும் அறிவார்கள். மெதுவாக நினைவூட்டினால் போதும்.

அடுத்து இடக் கணக்கு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-இல் நிவாரண முகாம்களுக்கான குறைந்தபட்ச அளவுகளை வெளியிட்டது. அதன்படி ஆளுக்கு 3.5 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 38 சதுர அடி. அறுபதுக்கு முப்பது அடி மண்டபம் என்றால் 1,800 சதுர அடி. அதில் 47 பேர். கல்யாணத்துக்கு நானூறு நாற்காலி போடும் மண்டபம் என்று நாம் பெருமையாகச் சொல்லும் இடத்தில் ஒழுங்காகப் படுத்து எழ ஐம்பது பேருக்குத்தான் இடம். முதல் இரவு நெருக்கிப் படுக்கலாம், தப்பில்லை. வெளியே மழையில் நிற்பவரிடம் அளவுகோலைக் காட்ட முடியாது. ஆனால் அந்த நெருக்கத்தில் மூன்றாம் நாள் சண்டையும் இருமலும் தொடங்கிவிடும். எத்தனை பேர் வரை நம்மால் முடியும், அதற்கு மேல் வந்தால் அடுத்து எந்த இடம் என்பதை முன்பே முடிவு செய்து, வரைபடமாக வரைந்து, அலுவலக அறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

வருவாய்த் துறையிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்

முகாமை அறிவிப்பதும் மூடுவதும் மாவட்ட நிர்வாகத்தின் வேலை. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் ஆகியோரிடம் ஆகஸ்டிலேயே பங்குத்தந்தையும் பொறுப்பாளரும் நேரில் போய்ப் பேசி, உங்கள் கட்டடத்தை முகாம் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். பட்டியலில் இருந்தால் அரிசி, மருத்துவக் குழு, தண்ணீர் லாரி எல்லாம் தேடி வரும். இல்லாவிட்டால் நீங்கள்தான் தேடிப் போக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுகாதார ஆய்வாளர், காவல் நிலையம், மின்வாரியத்தின் உள்ளூர் அலுவலகம் இவற்றுக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

எண்களை ஃபோனில் மட்டும் வைத்திருக்காதீர்கள். 2023 வெள்ளத்தில் செல்பேசிக் கோபுரங்கள் செத்த ஊர்களில், கையில் சார்ஜ் இருந்தும் யாரையும் கூப்பிட முடியவில்லை. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070, ஆம்புலன்ஸ் 108, குழந்தைகள் உதவி 1098, பெண்கள் உதவி 181 ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி வையுங்கள். ஃபோன் செத்துவிட்டால் மோட்டார் சைக்கிளில் வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் செய்தி கொண்டுபோக இரண்டு இளைஞர்கள் யார் என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.

மறைமாவட்டங்களின் சமூக சேவைச் சங்கங்கள், காரித்தாஸ், காசா போன்ற கிறிஸ்தவ நிவாரண அமைப்புகள் இதில் பல ஆண்டு அனுபவம் உள்ளவை. பயிற்சியாளர் வேண்டுமென்றால் அங்கே கேளுங்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்தா மித்ரா என்ற தன்னார்வலர் பயிற்சித் திட்டத்தில் 12 நாள் பயிற்சி பெற்றவர் உங்கள் ஊரில் இருந்தால் இன்னும் நல்லது.

யாரைச் சேர்ப்பது

கத்தோலிக்கப் பங்கு என்றால் அன்பியங்கள், அதாவது அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழுக்கள் இருக்கின்றன. அன்பியத்துக்கு இரண்டு பேர், ஓர் ஆண், ஒரு பெண் என்று கேளுங்கள். தெருத் தெருவாக யார் வீட்டில் படுத்த படுக்கையான பெரியவர், யார் வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி என்பது அன்பியத் தலைவிக்குத்தான் தெரியும். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை என்றால் பெண்கள் ஐக்கிய சங்கமும் வாலிபர் சங்கமும் இருக்கின்றன.

சேர்க்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "புயல் வந்தால் உங்கள் வீட்டில் யார் இருப்பார்கள்?" தன் வீட்டுக்குள் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது எவராலும் முகாமில் நிம்மதியாக வேலை செய்ய முடியாது. குடிசையில், தாழ்வான தெருவில் இருப்பவரின் குடும்பத்தை முதலில் முகாமுக்குள் கொண்டுவந்து விட்டுத்தான் அவருக்கு வேலை கொடுக்க வேண்டும். கைக்குழந்தை உள்ளவர்கள், இதய நோய் உள்ளவர்களுக்கு இரவு வேலை வேண்டாம்.

நூறு பேர் தங்கும் முகாமுக்கு ஒரு நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேராவது நிற்க வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும் என்றால் முப்பத்தைந்து பேரைப் பழக்க வேண்டியிருக்கும். "நான் மூணு நாள் தூங்காம நின்னேன்" என்று பின்னால் சொல்லிக்கொள்வதில் நம் ஆட்களுக்கு ஒரு பெருமை உண்டு. அதை வளர்க்காதீர்கள். தூங்காதவர்தான் மருந்தை மாற்றிக் கொடுப்பார், வரிசையில் கத்துவார்.

பொறுப்பாளர் ஒருவர், அவருக்கு மாற்று ஒருவர். பங்குத்தந்தையோ சபை ஆயரோ பொறுப்பாளராக இல்லாதிருப்பது நல்லது. அதிகாரிகள், பத்திரிகையாளர்கள், துக்க வீடு என்று அவரை ஆயிரம் பேர் இழுப்பார்கள்.

வாசல் மேசைதான் முகாமின் மூளை

முதல் பயிற்சி வகுப்பை இதற்கு மட்டும் ஒதுக்குங்கள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு நீள நோட்டு, பந்துமுனைப் பேனா. ஜெல் பேனா வேண்டாம். ஈரக் கை பட்டால் மை பரவி எதுவும் மிஞ்சாது. லேப்டாப்பும் வேண்டாம்.

நோட்டில் குடும்பத்துக்கு ஒரு எண். அதன் கீழே ஒவ்வொருவர் பெயர், வயது, தெரு, வந்த நேரம், தினமும் சாப்பிடும் மாத்திரை, நடக்க முடியுமா, வெளியூரில் உள்ள உறவினரின் ஃபோன் எண். கடைசிக் கட்டம் போன நேரமும் போன இடமும். புதியவர்கள் எப்போதும் தவறவிடுவது இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான். ஒருவர் காலையில் தன் வீட்டைப் பார்க்கப் போனாரா, மகள் வீட்டுக்கே போய்விட்டாரா, திரும்பும் வழியில் வாய்க்காலில் சிக்கினாரா என்பதைத் தேட இந்த ஒரு கட்டம்தான் வழி.

வகுப்பில் நடித்துப் பாருங்கள். ஒருவர் ஆச்சியாக வரட்டும். சேலை நனைந்து, கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் ரேஷன் அட்டையும் ஆதாரும் மாத்திரைச் சீட்டும். பின்னால் கயிற்றில் இரண்டு ஆடு. மேசையில் இருப்பவர் "பேரு?" என்று ஆரம்பித்தால் நிறுத்துங்கள். "வாங்க ஆச்சி, முதல்ல இப்படி உக்காருங்க, இந்தாங்க துண்டு" என்பதுதான் முதல் வரி. துவட்டிய பிறகு பெயர். ஆச்சி ஆட்டை விட்டுவிட்டு உள்ளே வரமாட்டார்; "ஆட்டை வெளியில கட்டுங்க" என்று பொதுவாகச் சொன்னால் திரும்பி வீட்டுக்கே போய்விடுவார். ஆடு எங்கே கட்டப்படும், அங்கே கூரை இருக்கிறதா, யார் பார்த்துக்கொள்வார் என்று மேசையில் இருப்பவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். ஆடும் கோழியும் இருக்கும் காரணத்தால் வீட்டைவிட்டு வராத குடும்பங்கள் நிறைய.

அடுத்து ஒரு சிறுவன் தனியாக வருவதுபோல நடியுங்கள். பெரியவர் துணையில்லாமல் வரும் பிள்ளையின் பெயர் தனித் தாளில் எழுதப்பட்டு உடனே பொறுப்பாளரிடம் போக வேண்டும். 1098-க்கும் காவல் நிலையத்துக்கும் தகவல் சொல்ல வேண்டும். "நான் அவன் மாமா" என்று யாராவது வந்து கேட்டால், பையன் அவரை அடையாளம் சொன்னாலும்கூட, அட்டையைப் பார்த்து, எழுதி வாங்கிக்கொண்டு, அதிகாரிகளுக்குத் தெரிந்துதான் அனுப்ப வேண்டும்.

நோட்டு மேசையை விட்டு நகரக் கூடாது. பத்திரிகையாளரோ கட்சிக்காரரோ கேட்டால் மொத்த எண்ணிக்கையை மட்டும் சொல்லலாம், பெயர் விவரம் கிடையாது.

கழிவறையும் தண்ணீரும்

முகாம்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். ஆணையத்தின் அளவுப்படி முப்பது பேருக்கு ஒரு கழிவறை வேண்டும், அது தங்கும் இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் இருக்க வேண்டும். நூறு பேர் என்றால் நான்கு. எண்ணிக்கையை இரண்டாகப் பிரித்து ஆணுக்குப் பாதி, பெண்ணுக்குப் பாதி என்று எழுதிவிடுவார்கள். பெண்களுக்கு அதிகம் வேண்டும். நான்கில் மூன்றைக் கொடுங்கள். கைப்பிடியும் உட்காரும் நாற்காலியும் வைத்த ஒன்று முதியவர்களுக்கு. பெண்கள் கழிவறைக்குப் போகும் வழி ஆண்கள் படுத்திருக்கும் இடத்தைத் தாண்டிப் போகிறதா என்று பகலில் நடந்து பாருங்கள். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு ஒரு முறை நடந்து பாருங்கள்.

குடிநீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர். நூறு பேருக்கு 300 லிட்டர், அதாவது இருபது லிட்டர் கேன் பதினைந்து. குளிக்கவும் கழுவவும் சேர்த்தால் ஆளுக்கு 15 லிட்டர் என்பது உலக அளவில் ஒப்புக்கொண்ட கணக்கு. அப்படியானால் ஆயிரம் லிட்டர் தொட்டி ஒரு நாளைக்குக்கூடத் தாங்காது. மின்சாரம் இல்லாமல் மோட்டார் ஓடாது என்பதால், எச்சரிக்கை வந்த அன்றே எல்லாத் தொட்டிகளையும் டிரம்களையும் நிரப்பிவிட வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகு கிணற்று நீரை அப்படியே குடிக்கவிடாதீர்கள். குளோரின் மாத்திரையோ பிளீச்சிங் பவுடரோ எவ்வளவு என்பதை சுகாதார ஆய்வாளரிடம் கேட்டு, டிரம் மேலேயே பெயின்ட்டில் எழுதிவையுங்கள். போட்ட பிறகு அரை மணி நேரம் விட்டுத்தான் குடிக்க வேண்டும்.

கழிவறை வேலையை யாருக்குக் கொடுப்பது? ஊரில் ஏற்கெனவே துப்புரவு வேலை செய்யும் குடும்பங்களில் இருந்து முகாமுக்கு வந்தவர்கள்மேல் இந்த வேலை தானாகச் சரிந்து விழும். விழவிடாதீர்கள். அவர்களும் வீடு இழந்து வந்தவர்கள். பொறுப்பாளரே முதல் முறை வாளியும் பிரஷும் எடுத்துப் போய்ச் சுத்தம் செய்தால் அடுத்த ஆள் கிடைப்பார். பயிற்சியிலும் அப்படியே; இந்த வகுப்பை வாயால் எடுக்கக் கூடாது. ரப்பர் கையுறை, பூட்ஸ், பினாயில், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்து கையெழுத்திடக் கதவில் ஒரு தாள். கழிவறைக்கு வெளியே தண்ணீரும் சோப்பும் இல்லாவிட்டால் மற்ற எல்லாமே வீண். வயிற்றுப்போக்கு தொடங்கியவருக்கு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்காதபோது, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ஒரே நாளில் மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால் சுகாதார நிலையத்துக்குச் சொல்லிவிட வேண்டும், காத்திருக்கக் கூடாது.

மாதவிடாய் நாப்கின், உள்ளாடை, அவற்றைப் போட மூடியிட்ட தொட்டி, துணி காயப்போட மறைவான ஒரு கயிறு. இந்தப் பட்டியலைப் பெண்களே எழுதட்டும். பெண் தன்னார்வலர் கையில் பொருளறைச் சாவி ஒன்று இருக்க வேண்டும்.

இரவு

விளக்கு அணைந்த பிறகு வருவதுதான் உண்மையான சோதனை. குழந்தைகள் அழும், யாரோ ஒருவர் குடித்துவிட்டு வருவார், கூரைமேல் கிளை விழும் சத்தத்தில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். இரவில் நான்கு பேராவது விழித்திருக்க வேண்டும், அதில் இருவர் பெண்கள். ஒருவர் வாசலில், ஒருவர் கழிவறை வழியில், இருவர் உள்ளே மெதுவாக நடந்துகொண்டு.

தனியாக வந்த பெண்கள், தாயும் பிள்ளைகளும் மட்டும் உள்ள குடும்பங்கள், முதியவர்கள் ஆகியோருக்குத் தனி அறை. தன்னார்வலர் எவரும், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒரு குழந்தையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. சேரும்போதே இதில் கையெழுத்து வாங்குங்கள். குழந்தையிடம் யாராவது தவறாக நடந்தது தெரிய வந்தால், பங்குக்குள்ளே பேசி முடிக்கும் வேலையே கிடையாது. 2012 போக்சோ சட்டப்படி காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். இதைப் பயிற்சியில் பங்குத்தந்தை வாயாலேயே சொல்லவையுங்கள். அப்போதுதான் "சாமியார்கிட்ட சொல்லி அமுக்கிரலாம்" என்ற எண்ணம் யாருக்கும் வராது.

வெளிச்சத்துக்கு எமர்ஜென்சி விளக்கும் டார்ச்சும். மெழுகுவர்த்தி கோயிலில் பெட்டி பெட்டியாக இருக்கும், ஆனால் பாயும் போர்வையும் பரப்பிய மண்டபத்தில் ஒன்றுகூட ஏற்றக் கூடாது. ஜெனரேட்டரை மழைக்குப் பயந்து வராந்தாவிலோ படிக்கட்டுக்கு அடியிலோ வைப்பார்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, தூங்கிக்கொண்டிருப்பவர்கள் எழவே மாட்டார்கள். ஜன்னல்களிலிருந்து தள்ளி, தனிக் கூரை போட்டு வையுங்கள்.

புயலின் கண் ஊரைக் கடக்கும்போது காற்று சட்டென்று நின்றுவிடும். "முடிஞ்சுது" என்று ஆண்கள் வீட்டைப் பார்க்கக் கிளம்புவார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து காற்று அடிக்கும். இதை வாசல் காவலுக்கு நிற்பவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதிகாரப்பூர்வத் தகவல் வரும்வரை கதவு திறக்காது.

சமையல்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் அசனம் (கோயில் விருந்து) சமைத்துப் பழகிய கைகளுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஆயிரம் பேருக்கு வடித்தவர்கள் அவர்கள். சொல்ல வேண்டியது மூன்றே விஷயம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,400 கலோரி, குழந்தைகளுக்கு 1,700 என்பது அரசு அளவு, அதை மனத்தில் வையுங்கள். முதல் இரவு உப்புமா, கஞ்சி, சுண்டல் என்று எளிதாக முடித்துவிடுங்கள், பிரியாணிக்கு ஆசைப்படாதீர்கள். வெளியே இருந்து வண்டியில் வரும் பொட்டலச் சாப்பாட்டை, எப்போது சமைத்தது என்று கேட்டு, முகர்ந்து பார்த்து, பிறகே கொடுங்கள். கைக்குழந்தைகளுக்குப் பால்மாவு டப்பாவைப் பொதுவாக அள்ளிக் கொடுப்பதும் வேண்டாம். சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் புட்டிப்பால் நோயைக் கொண்டுவரும். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு மறைவான இடமும் முதல் பந்தியும் கொடுங்கள். பால்மாவு கட்டாயம் வேண்டிய குழந்தையை செவிலியர் பார்த்துச் சொல்லட்டும்.

ஜெபம், சாதி, கேமரா

மூன்றையும் பற்றி வெளிப்படையாகப் பேசாத பயிற்சி அரைப் பயிற்சி.

முகாமில் பிரசங்கம் கிடையாது. துண்டுப் பிரசுரம் கிடையாது. சாப்பாட்டுக்கு முன் எல்லோரையும் எழுந்து நிற்கவைத்து ஜெபிப்பதும் கிடையாது. தட்டு கையில் இருக்கும் மனிதரால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது, அதனால்தான். ஜெபிக்க விரும்புகிறவர்களுக்கு வேறு அறை, குறித்த நேரம். அதே உரிமை தொழுகைக்கும் உண்டு, விளக்கேற்றிக் கும்பிடுகிறவருக்கும் உண்டு. விளக்கை மட்டும் வெளியே பத்திரமான இடத்தில் ஏற்றச் சொல்லுங்கள். கோயிலுக்குள்ளேயே மக்களைப் படுக்க வைக்க வேண்டி வந்தால், நற்கருணையை (கிறிஸ்துவின் உடலாகப் போற்றும் அப்பத்தை) முன்பே வேறிடம் மாற்றிவிடுவது பங்குத்தந்தையின் வேலை. அதன்பின் "பீடத்துக்குப் பக்கத்துல காலை நீட்டாத" என்று யாரையும் அதட்ட வேண்டியிருக்காது.

சாதி. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகை மாவட்டத்தில் சில முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதும், அவர்களுக்கு நிவாரணம் மறுக்கப்பட்டதும் ஆவணமாகவே பதிவாகியிருக்கிறது. கிறிஸ்தவர்களிடம் இது இல்லை என்று சொல்லிக்கொள்ள முடியாது. சாதி பார்த்து இரண்டு கல்லறை உள்ள ஊர்களை நாம் அறிவோம். நடைமுறையில் செய்ய வேண்டியது: இடம் ஒதுக்குவது நோட்டில் உள்ள எண் வரிசைப்படி மட்டும், தெருப்படி கிடையாது. ஒரே வரிசை, ஒரே பாத்திரம், ஒரே குடிநீர்க் குழாய். "அவங்களுக்குத் தனியா ஒரு அறை கொடுத்துட்டா அவங்களுக்கே வசதி" என்று யாராவது கனிவாக வந்து சொல்லும்போது என்ன பதில் சொல்வது என்பதை வகுப்பில் நடித்துப் பழக்குங்கள். "எண் வரிசைப்படிதான் அண்ணாச்சி, எனக்கும் அதே சட்டந்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டுவிட வேண்டும். வாக்குவாதத்தில் இறங்கினால் தோற்றுவிடுவோம்.

கேமரா. சோறு வாங்குகிறவர் முகத்தைப் படமெடுக்கக் கூடாது, நன்கொடையாளர் கேட்டாலும். அரிசி மூட்டையைப் படமெடுத்து அனுப்புங்கள்.

துக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முறை சுருக்கமானது: பார், கேள், தேவையான உதவியோடு இணைத்துவிடு. "எல்லாம் கடவுள் சித்தம்" என்பதும் "அழாதீங்க" என்பதும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் காப்பி கொடுத்து, அவர் பேசினால் கேட்டால் போதும்.

ஓர் இரவு ஒத்திகை

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு, தன்னார்வலர்கள் குடும்பத்தோடு மண்டபத்தில் வந்து தங்கட்டும். மாலை ஆறு மணிக்கு மெயினை அணைத்துவிடுங்கள். ஒரு கழிவறையைப் பூட்டிவிடுங்கள். இரவு பதினொரு மணிக்கு முன்னறிவிப்பு இல்லாமல் இருபது பேரை "புதிதாக" வாசலுக்கு அனுப்புங்கள். அதில் ஒருவருக்கு இன்சுலின் வேண்டும், ஒருவருக்குத் தமிழ் தெரியாது. இறால் பண்ணையிலும் கட்டட வேலையிலும் இருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் நிச்சயம் வருவார்கள். கொஞ்சம் இந்தி தெரிந்த ஒருவர் யார் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். இன்சுலினை எங்கே வைப்பது என்று அப்போதுதான் யோசிப்பார்கள்: ஈரத் துணி சுற்றிய மண்பானைக்குள், தண்ணீர் படாமல்.

மறுநாள் காலைத் திருப்பலிக்குப் பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எது ஓடவில்லை என்று எழுதுங்கள். மூன்று வகுப்புகளில் சொல்லிக்கொடுக்க முடியாததை இந்த ஓர் இரவு சொல்லிக்கொடுத்துவிடும். தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் தீயணைப்பான் பிடிக்கவும் முதலுதவிக்கும் செய்முறை காட்ட வருவார்கள், அதையும் அதே வாரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

எச்சரிக்கை வந்ததும்

வானிலை ஆய்வு மையம் 72 மணி நேரத்துக்கு முன்பே முதல் தகவலையும், 48 மணி நேரத்துக்கு முன் புயல் உஷார் அறிவிப்பையும், 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கையையும் வெளியிடும். உங்கள் வேலையை இதோடு கட்டிவிடுங்கள்.

- 72 மணி: ஆட்களை ஃபோனில் கூப்பிட்டு யார் வர முடியும் என்று உறுதி செய்வது. ஜெனரேட்டரை ஓட்டிப் பார்ப்பது. கிறிஸ்துமஸ் நெருங்கும் நாளாக இருந்தால் நட்சத்திரங்கள், பந்தல், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் கழற்றுவது.
- 48 மணி: தண்ணீர் நிரப்புவது, அரிசி, பருப்பு, சிலிண்டர், டீசல், மருந்துப் பெட்டி. நிறைமாதக் கர்ப்பிணிகளையும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களையும் மருத்துவமனைக்கு அருகே கொண்டுபோகக் கிராம செவிலியருடன் பேசுவது.
- 24 மணி: வட்டாட்சியரிடம் கேட்டுக் கதவைத் திறப்பது, மேசை போடுவது, நடக்க முடியாதவர்களை வெளிச்சம் இருக்கும்போதே கூட்டி வருவது.

மழை வெள்ளத்துக்கு இந்த வரிசை எப்போதும் கிடைக்காது. தாமிரபரணிக் கரை ஊர்களில் அன்று நடந்ததுபோல நள்ளிரவில் தெருவுக்குள் தண்ணீர் வந்துவிடும். அதனால் சாவி மூன்று பேரிடம் இருக்கட்டும், அதில் ஒருவர் கோயிலிலிருந்து நடந்து வரும் தூரத்தில் குடியிருப்பவராக இருக்கட்டும்.

மூடுவது

முகாமைத் திறப்பதற்கு நாள் பார்க்கிற அளவுக்கு மூடுவதற்கு யாரும் பார்ப்பதில்லை. பள்ளி திறக்க வேண்டும் என்று ஒரு பக்கம் நெருக்கடி வரும். வீடே இல்லாத நான்கைந்து குடும்பங்கள் இன்னொரு பக்கம் இருப்பார்கள். அவர்கள் எங்கே போகிறார்கள் என்பது வட்டாட்சியரோடு பேசி எழுத்தில் முடிவாகும்வரை அந்த அறையைக் கேட்காதீர்கள். ரேஷன் அட்டை, ஆதார், நிலப் பத்திரம் தண்ணீரில் போனவர்களுக்குப் புதிதாக விண்ணப்பிக்க, படிவம் நிரப்பத் தெரிந்த இரண்டு கல்லூரிப் பிள்ளைகளை மேசையில் உட்கார வையுங்கள். முகாமில் கடைசி இரண்டு நாளில் இதைவிடப் பயனுள்ள வேலை வேறில்லை. வீட்டைக் கழுவப் போகிறவர்களிடம் பாம்பு, அறுந்து கிடக்கும் மின்கம்பி, எலிக்காய்ச்சல் மூன்றையும் சொல்லி அனுப்புங்கள். காலில் புண் இருந்தால் சேற்றில் வெறுங்காலோடு இறங்க வேண்டாம்.

நோட்டின் நகல் கிராம நிர்வாக அலுவலருக்கு, மூலம் கோயில் அலுவலகப் பூட்டிய அலமாரியில். வரவு செலவை அடுத்த ஞாயிறு அறிவிப்பில் வாசித்து, அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் கொடுத்திருப்பார்கள், அவர்களும் பார்க்கும்படி வெளி வாசலில். அப்புறம் செப்டிக் டேங்க் லாரியைக் கூப்பிட்டுத் தொட்டியைக் காலி செய்துவிடுங்கள். பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பும் முதல் நாளே அது நிரம்பி வழிந்தால், அடுத்த ஆண்டு தலைமையாசிரியர் சாவி தரமாட்டார்.